ஸ்பெல் போட்டாலே ஓகர் அடிக்குதா? அடி வாங்காம போடறது எப்படி

வாசகர் கேள்வி: பாத்ஃபைண்டர் (டைஸ் உருட்டி கதாபாத்திரமா ஆடற கேம்) முதல் எடிஷன் ஆடறோம், நான் 5ஆம் லெவல் விஸார்ட் (மந்திரவாதி). பக்கத்துல ஓகர் (பெரிய அரக்கன்) நிக்கறப்போ ஸ்பெல் (மந்திரம்) போடறேன்னு சொன்னாலே ஜிஎம் (கேம நடத்தறவர்) "இரு, அது உன்ன அடிக்குது"ன்னு டைஸ எடுத்துடறாரு, பாதி நாள் ஃபயர்பால் வீணாத்தான் போகுது. டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) 5ஆம் எடிஷன் ஆடற ஃப்ரெண்டு அப்படி ஒரு ரூலே கிடையாதுங்கறான். யார் சொல்றது சரி? ஸ்க்ரோல் (மந்திரச் சுருள்) வெச்சுப் படிச்சா தப்பிக்கலாமா?

பதில்: ரெண்டு பேர் சொல்றதும் சரிதாங்க, ஆடற கேம்தான் வேற. 2014ல வந்த 5ஆம் எடிஷன்ல எதிரியோட ரீச்ச (அடி எட்டற தூரத்த) விட்டு வெளிய நகர்ந்தா மட்டும்தான் ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக் (எதிரிக்குக் கிடைக்கற இலவச அடி), மூக்குக்கு முன்னாடி நின்னு ஸ்பெல் போட்டாலும் பொதுவா ஒண்ணும் ஆகாது (மேஜ் ஸ்லேயர்ங்கற ஃபீட், அதாவது தனித்திறமை, வெச்சிருக்கற ஆள் பக்கத்துல இருந்தா அது வேற கத). உங்க பாத்ஃபைண்டர் 2009ல வந்தது, டி அண்ட் டி 3.5 மேல கட்டினது. இதுல எதிரி அடிக்கக்கூடிய கட்டத்துல நின்னு ஸ்பெல் போட்டா அவனுக்கு ஒரு இலவச அடி உண்டு, அது பட்டா கான்சன்ட்ரேஷன் செக் (கவனம் கலையாம இருக்க 20 பக்க டைஸ் உருட்டறது), அதுல தோத்தா ஸ்பெல்லும் போச்சு. உங்க ஜிஎம் வில்லத்தனம் ஒண்ணும் பண்ணல.

ஆனா நீங்க "நான் டிஃபென்சிவா போடறேன்"னு சொல்லிப் பாத்தீங்களான்னு தெரியல. அப்படிச் சொன்னா அந்த இலவச அடியே கிடையாது, அதுக்குப் பதிலா ஒரு கான்சன்ட்ரேஷன் செக், ஸ்பெல் லெவலோட ரெண்டு மடங்கோட 15 கூட்டினா வர்ற டிசிய (ஜெயிக்க வேண்டிய எண்ண) எட்டணும். ஃபயர்பால் 3ஆம் லெவல், அப்போ டிசி 21. உங்களுக்கு இன்டெலிஜன்ஸ் 18ன்னு வெச்சுக்குவோம், லெவல் 5ம் மாடிஃபையர் 4ம் சேத்தா 9, டைஸ்ல 12ஓ அதுக்கு மேலயோ விழணும், நூத்துக்கு 45 தடவதான் ஸ்பெல் கிளம்பும். சரி, டிஃபென்சிவா போடாம தைரியமா போட்டா? ஓகருக்கு அட்டாக் +7, மேஜ் ஆர்மர் ஸ்பெல் எல்லாம் சேத்து உங்க ஏசி (உங்கள அடிக்க எதிரி எட்ட வேண்டிய எண்) 16னா நூத்துக்கு 60 தடவ அடி விழும், சராசரியா 16 டேமேஜ். அப்புறம் செக்கோட டிசி 10 கூட்டல் டேமேஜ் கூட்டல் ஸ்பெல் லெவல், அதாவது 29, டைஸ்ல 20 விழுந்தாதான் உண்டு. மொத்தமா கணக்குப் போட்டா இதுவும் அதே 45 கிட்டதான் வந்து நிக்குது, ஆனா இங்க கதாயுதத்தால வாங்கின அடி தனி. சின்ன ஸ்பெல்னா டிஃபென்சிவ் இன்னும் நல்லது, மேஜிக் மிஸைலுக்கு 65 வரைக்கும் போகும். காம்பட் காஸ்டிங் ஃபீட் எடுத்தா +4, அப்போ ஃபயர்பாலே 65க்கு வந்துடும்.

என்னக் கேட்டா டைஸ நம்பறதுக்கு முன்னாடி எந்தக் கட்டத்துல நிக்கறோம்னு பாக்கறதுதான் முக்கியம். 5 அடி ஸ்டெப் (ஒரு கட்டம் நகர்றது) எடுத்து பின்னாடி போயிட்டு போடுன்னு எல்லாரும் சொல்லிக் குடுப்பாங்க, கத்தி வெச்சிருக்கற ஆர்க் கிட்ட அது சரியா வேல செய்யும். ஓகர் கிட்ட செய்யாது, ஏன்னா அது லார்ஜ் சைஸ், ரீச் 10 அடி, ஒட்டி நிக்கற கட்டமும் அதுக்கு எட்டும் அடுத்த கட்டமும் எட்டும், நீங்க ஒரு ஸ்டெப் பின்னாடி வெச்சாலும் அடி எட்டற இடத்துலயேதான் நிக்கறீங்க. இதே நடுவுல ஒரு கட்டம் காலியா விட்டு நின்னிருந்தீங்கன்னா அந்த ஒரே ஸ்டெப் போதும். நீள ஈட்டி வெச்சிருக்கற மனுஷ சைஸ் எதிரின்னா தலைகீழு, அவனுக்கு ரெண்டாவது கட்டம்தான் எட்டும் ஒட்டி நிக்கற கட்டம் எட்டாது, கையில வேற ஆயுதம் இல்லன்னா அவன் மூஞ்சிக்கு நேரா போய் நின்னு நிம்மதியா போடலாம்.

ஏற்கனவே ஓகர ஒட்டி மாட்டிக்கிட்டீங்கன்னா, ஹெச்பி (உயிர்ப் புள்ளி) தாங்கும்னா, நான் பண்றது இதுதான்: மூவ் ஆக்ஷன்ல (டர்ன்ல நகர்றதுக்கான பங்குல) 30 அடி நடந்து போயிடுவேன். நகர்றதுக்கு ஒரு அடி விழலாம் (எத்தன கட்டம் தாண்டினாலும் ஒரு எதிரிகிட்டருந்து ஒரே ஒரு தடவதான்), ஆனா நடக்கறப்போ விழற அடிக்கு கான்சன்ட்ரேஷன் செக் கிடையாது, தூரத்துல போய் நின்னு போடற ஃபயர்பால் நூத்துக்கு நூறு கிளம்பும். அந்தப் பக்கம் வேற எதிரி இருக்கானான்னு மட்டும் பாத்துக்கோங்க. இன்னொண்ணு, காம்பட் ரிஃப்ளெக்ஸஸ் ஃபீட் இல்லாத எதிரிக்கு ஒரு ரவுண்டுக்கு ஒரே ஒரு இலவச அடிதான், அதனால உங்களுக்கு முன்னாடி டர்ன் வர்ற ஃபைட்டர ஓகர் பக்கமா நடந்து போகச் சொல்லுங்க, கவசம் போட்டவர் மேல அது அடிய செலவு பண்ணிடுச்சுன்னா அதோட அடுத்த டர்ன் வரைக்கும் உங்களுக்குத் தொல்லையில்ல. சண்ட ஆரம்பிச்சு ஓகரோட முதல் டர்ன் வர்றதுக்கு முன்னாடின்னா அது ஃப்ளாட் ஃபுட்டட் (இன்னும் சண்டைக்குத் தயாராகல), இந்த இலவச அடிய அடிக்கவே முடியாது, அதுக்குத்தான் விஸார்டுக்கு இனிஷியேட்டிவ் (யாருக்கு முதல்ல டர்ன்னு முடிவு பண்ற எண்) ஏத்தச் சொல்றது.

ஒரு விஷயம் நிறைய பேர் தவற விடுவாங்க. ஸ்கார்ச்சிங் ரே மாதிரி குறி வெச்சு அடிக்கற ஸ்பெல்ல டிஃபென்சிவா போட்டாலும், கதிர விடறது தனியா ஒரு ரேஞ்ச்டு அட்டாக், அதுக்கு ஓகர் அடிக்கலாம். ஷாக்கிங் கிராஸ்ப் மாதிரி டச் ஸ்பெல்லுக்கு தொடறப்போ அடி கிடையாது, போடறப்போ மட்டும்தான், அதனால தள்ளி நின்னு போட்டு கையிலயே வெச்சுக்கிட்டு அப்புறம் கிட்டப் போய் தொடலாம். சம்மன் மான்ஸ்டர் மாதிரி முழு ரவுண்டு எடுக்கறது எதிரி பக்கத்துல இருக்கறப்போ வேண்டவே வேண்டாம், அடுத்த டர்ன் வர்ற வரைக்கும் எவன் அடிச்சாலும் செக்.

ஸ்க்ரோல் பத்திக் கேட்டீங்கல்ல, அது உதவாது, ஸ்க்ரோல் படிக்கறதும் ஸ்பெல் போடற மாதிரியே அடிக்கு இடம் குடுக்கும். பையிலருந்து போஷன் எடுத்துக் குடிச்சாலும் அப்படித்தான். வாண்ட் (மந்திரக்கோல்) மட்டும் விலக்கு, எதிரி ஒட்டி நின்னாலும் வாண்ட நீட்டி மேஜிக் மிஸைல் விடலாம், அடியும் இல்ல செக்கும் இல்ல. 50 சார்ஜ் இருக்கற 1ஆம் லெவல் வாண்ட் 750 கோல்டு, 5ஆம் லெவல்ல அது உங்களுக்குப் பெரிய காசில்ல. பையில வெச்சுட்டு சண்ட நடுவுல தேடாதீங்க, வெளிய எடுக்கறதுக்கே ஒரு மூவ் ஆக்ஷன் போயிடும், குகைக்குள்ள நுழையறப்பவே கையில எடுத்துக்கோங்க.