மரப்பரண்ல நாள் முழுக்க உட்கார முடியுமான்னு கேட்ட தம்பிக்கு

அமெரிக்காவுல விஸ்கான்சின் மாநிலத்துக்கு வந்து முதல் குளிர்காலம், கூட வேலை பார்க்கிறவர் மான் வேட்டைக்குக் கூப்பிடுறார், விடியறதுக்கு முன்னாடி மரத்துல ஏறினா இருட்டுற வரைக்கும் அங்கேயே இருப்பாங்களாமே, நம்மால முடியுமா, விசாவுக்குச் சிக்கல் வருமா. இதானே கேட்டிருந்தீங்க?

தாராளமா போங்க. நவம்பர்ல வர்ற தேங்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை தொடங்குற ஒன்பது நாள் துப்பாக்கி சீசன் இங்கே திருவிழா மாதிரி. தன் பரணுக்கே ஒருத்தர் கூப்பிடுறார்னா உங்களை வீட்டு ஆளா நினைக்கிறார்னு அர்த்தம்.

விசா விஷயத்தை முதல்ல முடிச்சுடறேன். எச்-1பி மாதிரி தற்காலிக விசாவுல இருக்கிறவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வெச்சிருக்கக் கூடாதுங்கறது மத்திய அரசுச் சட்டம். செல்லுபடியாகிற வேட்டை உரிமம் கையில இருந்தா அதுக்கு விலக்கு உண்டு. உரிமம் வாங்குறதுக்கு முன்னாடி 'சும்மா பிடிச்சுப் பாரு'ன்னு நீட்டினாலும் கையை நீட்டாதீங்க. சந்தேகம் இருந்தா கம்பெனி வக்கீலைக் கேளுங்க. 1973 ஜனவரி 1-லேருந்து பிறந்தவங்களுக்கு வேட்டைப் பாதுகாப்பு வகுப்பும் கட்டாயம். என்னைக் கேட்டா, முதல் வருஷம் துப்பாக்கியே வேண்டாம். அவர் பக்கத்துல உட்கார்ந்து பார்த்துட்டு வாங்க. ரெண்டு பேர் உட்கார்ற ஏணிப் பரண் நிறைய பேர்கிட்ட இருக்கும்.

வீட்டுல துப்பாக்கியை நினைச்சுப் பயப்படுறாங்கன்னு எழுதியிருக்கீங்க. நான் பயப்படுறது அந்தப் பதினஞ்சு, இருபது அடி உயரத்துக்குத்தான். விழறவங்க பெரும்பாலும் ஏறும்போதோ இறங்கும்போதோதான் விழறாங்க. உடம்பு முழுக்கப் பிடிக்கிற ஹார்னஸைத் தரையிலேயே மாட்டி, மரத்தோட தொங்குற பாதுகாப்புக் கயித்துல கொக்கி போட்டுட்டுதான் முதல் படியில கால் வைக்கணும். மேலே போய் மாட்டிக்கலாம்னு நண்பர் சொன்னா, நாசூக்கா மறுத்துடுங்க. தவறி விழுந்து அப்படியே தொங்கிட்டிருந்தா ரத்தம் காலுக்கு இறங்கி மயக்கம் வரும். கால் ஊன்றி நிக்கிறதுக்குன்னு ஹார்னஸோட ஒரு பட்டை வரும், அது எந்தப் பையில இருக்குன்னு முன்னாடியே பார்த்து வையுங்க. துப்பாக்கி, தோட்டா இல்லாம, கயித்துல கட்டித்தான் மேலே வரணும்.

அடுத்தது குளிர். கடுங்குளிர்னு எல்லாத்தையும் போட்டுக்கிட்டு காட்டுக்குள்ள நடந்தீங்கன்னா வேர்த்துடும். அந்த ஈரம் பரண்ல உட்கார்ந்த அரைமணி நேரத்துல முதுகுல ஐஸா இறங்கும். பெரிய கோட்டைப் பையில கட்டிட்டுப் போய், மரத்தடியில மூச்சு அடங்கினதும் போட்டு, அதுக்கு மேலே ஹார்னஸை மாட்டுங்க. பருத்தி பனியன் வேண்டாம், கம்பளி நூல்தான். ரெண்டு சாக்ஸை பூட்ஸுக்குள்ள திணிக்காதீங்க, ரத்த ஓட்டம் தடைபட்டு விரல் இன்னும் மரத்துப்போகும். மத்த வேட்டைக்காரங்க கண்ணுல படறதுக்காக, இடுப்புக்கு மேலே பாதியாவது பளிச் ஆரஞ்சு தெரியணும், தொப்பியிலயும். 2016-லேருந்து பளிச் பிங்க்கும் செல்லும். மானுக்கு அந்த ஆரஞ்சு நமக்குத் தெரியற மாதிரி தெரியாது. நீலம் நல்லாவே தெரியும், ஜீன்ஸ் வேண்டாம். ஃபில்டர் காபியை ஃபிளாஸ்க்குல எடுத்துட்டுப் போனா, கூடவே வாய் அகலமான ஒரு காலி பாட்டிலும் எடுத்துக்குங்க. எதுக்குன்னு பத்து மணிவாக்குல புரியும்.

அவ்வளவு நேரம் என்ன பண்றதுன்னா, பெரும்பாலும் ஏமாறுறதுதான். காய்ஞ்ச ஓக் இலை மேல அணில் ஓடுற சத்தம் ஒரு கிடா மானே வர்ற மாதிரி கேட்கும். நெஞ்சு அடிச்சுக்கும், திரும்பிப் பார்த்தா அணில். நிஜ மான் பல நேரம் சத்தமே இல்லாம வந்து நிக்கும். முழு மானைத் தேடாதீங்க. செங்குத்தா நிக்கிற மரங்களுக்கு நடுவுல படுக்கையா ஒரு கோடு தெரிஞ்சா அது முதுகு. அப்புறம் ஒரு காது அசையும். உங்க வாடை காத்துல அது பக்கம் போச்சுன்னா மூக்கால பலமா ஒரு ஊது ஊதும், வெள்ளை வால் தூக்கும், அவ்வளவுதான். அதனாலதான் எந்தப் பரண்ல உட்கார்றதுன்னு காத்தடிக்கிற திசையைப் பார்த்து முடிவு பண்ணுவாங்க.

நாள் முழுக்க இருக்க முடியுமா? முடியும், ஆனா முதல் தடவையே வேண்டாம். மத்தவங்க மதியச் சாப்பாட்டுக்கு இறங்கி நடக்கும்போது மான் கிளம்பி வரும்னு நண்பர் பிடிவாதமா உட்கார்ந்திருப்பார், அது சரிதான். ஆனா உடம்பு நடுங்க ஆரம்பிச்சு, கை விரல் சொன்னபடி கேட்கலைன்னா, கொக்கியைக் கழட்டி மாட்டவே முடியாம போயிடும். அதுக்கு முன்னாடியே சொல்லிட்டு இறங்குங்க. யாரும் கேலி பண்ண மாட்டாங்க, பண்ணினா பண்ணட்டும். எந்தக் காடு, எந்தப் பக்கம், எத்தனை மணிக்குத் திரும்புவீங்கன்னு வீட்டுல சொல்லிட்டுக் கிளம்புங்க.

மான் கிடைச்சா, மறுநாள் சாயந்திரம் அஞ்சு மணிக்குள்ள அவர் அரசாங்கத்துல பதிவு பண்ணிடணும். கறியில பங்கு தருவார், வாங்கிக்குங்க. கொழுப்பே இருக்காது, குக்கர்ல மிளகு போட்டு வேகவெச்சா நல்லா வரும். ஆனா மான்களை மெலிய வெச்சுக் கொல்லுற சிடபிள்யூடி நோய் 2002-லேருந்து இந்த மாநிலத்துல இருக்கு. தலையைப் பரிசோதனைக்குக் கொடுத்தாரான்னு கேளுங்க, மாநில இயற்கை வளத் துறை இலவசமாவே பார்த்துச் சொல்லும். முடிவு வர்ற வரைக்கும் கறி ஃப்ரீசர்லயே இருக்கட்டும்.