ஓடும்போது நின்றுவிடும் பழைய டீசல் கார்: பம்பா, வேக சென்சரா?

"பழைய டீசல் கார், சூடானதும் ஓட்டத்திலேயே நின்றுவிடுகிறது. இன்ஜின் வேக சென்சர் என்கிறார்கள். அது எங்கே இருக்கும், நானே மாற்றலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாற்றலாம். ஆனால் உங்களிடம் யாரோ ஒருவர் டீசல் பம்பைக் கழற்ற வேண்டும் என்று ஏற்கனவே சொல்லியிருப்பார், சொல்லாவிட்டால் சீக்கிரம் சொல்வார். அதுக்காகத்தான் இருந்து எழுதுகிறேன்.

என்னுடையது ஜப்பான் கார், எலெக்ட்ரோனிக் பம்ப். மாடல் சொல்லமாட்டேன், சொன்னால் கீழே வந்து அந்த மாடலே கூடாது என்று சண்டை பிடிப்பீர்கள். வேலை காரணமாக முல்லைத்தீவுக்கும் மாங்குளத்துக்கும் இடையில் ஓடுகிறவன் நான். ஒட்டுசுட்டான் தாண்டி வரும்போது, மத்தியான வெயிலில், ஒரு இருமலும் இல்லாமல் இன்ஜின் நிற்கும். ஸ்டார்ட் அடித்தால் சுற்றும், பிடிக்காது. மர நிழலில் அரை மணி நேரம் இருந்துவிட்டுத் திறப்பைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். டவுனில் ஒரு பெரிய கராச்சில் காட்டினேன். டீசல் பில்டர் மாற்றினார்கள், ஸ்கானர் போட்டார்கள், கம்ப்யூட்டரில் பிழைக் கோட் ஒன்றும் இல்லை, அப்ப பம்ப்தான் என்றார்கள். பம்புக்குச் சொன்ன காசுக்கு ஒரு நல்ல மாட்டுச் சோடி வாங்கலாம்.

கோட் இல்லை என்பதால் சென்சர் நல்லது என்று ஆகாது. பல பழைய கார்களில் சென்சரின் சமிக்ஞை நின்றால் கம்ப்யூட்டர் அதை இன்ஜின் நின்றதாகவே எடுத்துக்கொண்டு டீசலை வெட்டும், பிழை என்று பதியாது. இது அந்த ஸ்கானர் பிடித்த தம்பிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியில் பிழையைக் கண்டுபிடித்தவர் மல்லாவிப் பக்கம் தகரக் கொட்டிலில் ட்ராக்டர் திருத்துகிற ஒரு ஐயா. போர்க்காலப் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட வைத்த தலைமுறை. பொனற்றைத் திறக்கவே இல்லை. "தம்பி, நிக்கேக்க ஆர்பிஎம் முள் எப்பிடி விழுந்தது?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அதுவரை ஒருத்தரும் கேட்கவில்லை.

ஆர்பிஎம் முள் என்றால் இன்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டுகிற முள். விஷயம் இதுதான். கியரில் போய்க்கொண்டிருக்கும்போது டீசல் வராமல் நின்றால், சக்கரம் இன்ஜினை இழுத்துச் சுற்றிக்கொண்டே இருக்கும், முள்ளும் காரின் வேகத்தோடு மெல்ல மெல்ல இறங்கும். கார் உருண்டுகொண்டிருக்க முள் மட்டும் சடாரென்று பூச்சியத்துக்கு விழுந்தால் சென்சர் அல்லது அதன் வயர். பிறகு ஸ்டார்ட் அடிக்கும்போதும் முள் கொஞ்சமும் அசையாது. (சில கார்களில் முள்ளுக்கு அல்டர்நேட்டரில் இருந்து சமிக்ஞை வரும், அதில் இந்தச் சோதனை சரிவராது. ஓட்டோ கியர்காரருக்கும் சரிவராது. நீங்கள் கீழே வந்து எழுத முன்பே சொல்லிவிட்டேன்.)

அதற்கும் முதலில் உங்கள் பம்ப் எது என்று பாருங்கள். முழுக்க மெக்கானிக்கல் பம்ப் என்றால் இந்த சென்சர் செத்தாலும் இன்ஜின் ஓடும், முள் மட்டும்தான் வேலை செய்யாது. அப்படியான காரில் இதைத் தேடுவது வீண் வேலை, டீசல் லைனில் காற்று இழுக்கிறதா, பம்பில் டீசலை வெட்டுகிற மின் வால்வு (ஸ்டொப் சொலனொயிட்) சூட்டில் விடுகிறதா என்று பாருங்கள்.

தேய்ந்த பம்பும் சூட்டில் தொல்லை தரும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது பெரும்பாலும் நிறுத்திவிட்டுத் திரும்ப ஸ்டார்ட் பண்ணும்போதுதான் படுத்தும், ஓட்டத்தில் கத்தியால் வெட்டின மாதிரி நிற்பது குறைவு. பிரித்துப் பார்க்க ஐயா செய்தது ஈரத்துணி. கார் நின்றதும் துணியைப் பச்சைத்தண்ணீரில் நனைத்துச் சென்சரில் மட்டும் சுற்றினார். கொஞ்ச நேரத்தில் பிடித்தது. பம்பைக் குளிரவைத்தால்தான் பிடிக்கிறது என்றால் பம்பைச் சந்தேகப்படலாம்.

சென்சர் எங்கே இருக்கும் என்பது காருக்குக் கார் மாறும். முன்னால் கிராங்க் புல்லிக்குப் பக்கத்தில், பின்னால் கியர்பொக்ஸ் சேரும் இடத்தில் ப்ளைவீலைப் பார்த்தபடி, அல்லது ப்ளொக்கின் பக்கவாட்டில் ஒயில் பில்டருக்குக் கிட்ட. சில பம்புகளுக்கு உள்ளேயும் தனியாக ஒன்று உண்டு. சின்ன விரலளவு சாமான், ஒரு பொல்ட், இரண்டு அல்லது மூன்று வயர்.

இரண்டு வயர் என்றால் பெரும்பாலும் உள்ளே காந்தமும் செம்புக் கம்பிச் சுருளும்தான். டவுன் கராச்சில் மீற்றர் வைத்து "நல்லது" என்று சொன்னதும் இதைத்தான், ஆனால் ஆறின சென்சரை அளந்தார்கள். ஐயா கழற்றி, முனையைக் கேத்திலில் கொதித்த தண்ணீரில் பிடித்துக்கொண்டு அளந்தார். செம்பு சூடாகும்போது தடை கொஞ்சம் ஏறும், ஆயிரம் ஓம் காட்டினது ஆயிரத்து இருநூற்றுச் சொச்சத்துக்குப் போனால் பயமில்லை. என்னுடையது ஏறிக்கொண்டே போய் ஒரேயடியாக அறுந்துவிட்டது, ஆறினதும் திரும்ப வந்தது. மூன்று வயர் ஹால் சென்சரை (உள்ளே வெறும் சுருள் இல்லை, எலெக்ட்ரோனிக் சில்லு) ஓம் மீற்றரால் அளந்து முடிவு சொல்லக் கூடாது என்பது எனக்கும் தெரியும், அறிவுரை வேண்டாம்.

கழற்றும்போது அவசரப்படாதீர்கள். பொல்ட் சுலபமாக வரும், சென்சர்தான் ஓட்டைக்குள் பிடித்துக்கொண்டு நிற்கும். முதல் நாள் இரவே துருநீக்கி எண்ணெய் விட்டு, பிறகு இடமும் வலமுமாக அசைத்து எடுங்கள், நெம்பினால் தலை உடைந்து மிச்சம் உள்ளே நிற்கும். நுனியில் இரும்புத்தூள் ஒட்டியிருந்தால் துடையுங்கள், சிலவேளை அதுவே வருத்தம். கீழே வோஷர் எதுவும் வைக்காதீர்கள், சென்சர் பார்க்கிற சக்கரத்தின் பல்லுக்கும் நுனிக்கும் உள்ள இடைவெளி கூடினால் ஸ்டார்ட் அடிக்கும் மெதுவான வேகத்தில் சமிக்ஞை போதாது. வயரையும் கையால் தடவிப் பாருங்கள். எங்கள் பக்கம் எலி சென்சரை விட வயரைத்தான் விரும்பும். ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே படுக்க வேண்டாம்.

இடையில் ஒன்று. இந்தக் கார் ஒருமுறை இரவில் முறிகண்டிக்கு இங்கால் நின்றது. இருட்டில் ஏ9 வீதியில் நின்ற காரை விட எனக்குப் பயம் தந்தது வீதியில் படுத்திருந்த மாடுகள். கட்டாக்காலி மாடு என்று பெயர், ஆனால் ஒன்றை அடித்துவிட்டால் பத்து நிமிடத்தில் சொந்தக்காரர் வந்துவிடுவார். பிடித்துக் கட்ட வேண்டியவர்கள் அறிவித்தல் ஒட்டுவதோடு சரி. மோட்டார் சைக்கிள் பிள்ளைகள்தான் அடிபடுகிறார்கள். இதை எங்கே எழுதுவது என்று தெரியாமல் இங்கே எழுதுகிறேன்.

சாமான் பற்றி: பெட்டி போட்ட மலிவுப் புதுசை விட, ஜப்பானில் இருந்து வந்த இன்ஜினில் கழற்றின பழசு எனக்கு நம்பிக்கை. கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடையில் எடுப்பித்து இரவு பஸ்ஸில் பார்சலாகப் போடச் சொன்னேன். பழைய சென்சரில் உள்ள இலக்கத்தையும் பிளக்கையும் படம் எடுத்து அனுப்புங்கள், கார் பெயரை மட்டும் சொன்னால் வேறு நீளத்தில் ஒன்று வரும். வந்ததும் பூட்ட முன் கொதிதண்ணீரில் பிடித்து அளவுங்கள், கடைக்காரர் திருப்பி எடுப்பார் என்றால் அப்போதுதான் எடுப்பார்.