கேஷ் டேலி ஆனால்தான் நிம்மதி என்பவர் ரிட்டயர் ஆகும்போது

கேள்வி: என் கணவர் வங்கியில் ஹெட் கேஷியர். மார்ச் கடைசியில் 60 முடிந்து ஓய்வு பெறுகிறார். யாரோடும் அதிகம் பேசமாட்டார், எதிலும் கறார். இப்போதே லீவு நாளில் சமையலறை டப்பாக்களை வரிசை மாற்றி அடுக்குகிறார். இந்தக் குணத்தோடு வீட்டில் சந்தோஷமாக இருப்பாரா?

பதில்: பேசாத குணத்தை நினைத்துக் கவலை வேண்டாம். கலகலப்பானவர்கள் கொஞ்சம் கூடுதல் மகிழ்ச்சியோடு இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்வது உண்மைதான். அதற்காக 60 வயதில் ஒருவரைச் சிரிப்பு மன்றத்துக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. மனசுக்குப் பிடித்த ஒன்றிரண்டு பேர் போதும். ஆனால் இப்படிப்பட்டவர்கள் தாங்களாகத் தேடிப்போய்ப் பழகுவதில்லை. டீ நேரத்துப் பேச்சுத்துணையை இத்தனை நாளும் ஆபீஸே கொடுத்துவந்தது. அந்தத் தொடர்பு மார்ச்சோடு அறுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் யோசிப்பது அவருடைய கறாரைப் பற்றித்தான். பொறுப்பானவர்கள் பொதுவாக நிம்மதியாக வாழ்பவர்கள். ஆனால் ஜெர்மனியில் வேலை இழந்தவர்களைப் பற்றி 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வேலையில்லாத காலம் நீண்டபோது அதிகம் துவண்டது இவர்கள்தான். ஓய்வு வேறு, வேலையிழப்பு வேறு; ஓய்வில் அவமானம் இல்லை. இருந்தாலும் தினமும் சாயங்காலம் கேஷ் டேலி பார்த்தே பழகியவருக்கு, டேலி பண்ண ஒன்றுமில்லாத சாயங்காலம் கஷ்டம்தான். டப்பாக்கள் இடம் மாறுவது அதற்கு முன்னோட்டம்.

அதனால் வாக்கிங் போங்கள், தோட்டம் போடுங்கள் என்று எல்லோருக்கும் சொல்வதை இவருக்குச் சொல்லமாட்டேன். கணக்கும் கெடுவும் உள்ள, யாரோ ஒருவர் இவருக்காகக் காத்திருக்கிற பொறுப்பு வேண்டும். குடியிருப்போர் சங்கப் பொருளாளர் பதவி என்றால் யாரும் போட்டிக்கு வரமாட்டார்கள்! பென்ஷனர் சங்கத்திலும் இவரைப் போன்றவர் தேவை. நவம்பரில் உயிர்வாழ் சான்றிதழுக்காக வங்கியில் வந்து தடுமாறும் பெரியவர்கள் எத்தனையோ பேரை அவரே பார்த்திருப்பார். மார்ச்சுக்கு முன்பே பேசி வையுங்கள். வீட்டில் கரண்ட் பில், கேஸ், மளிகைக் கணக்கு அவருக்கு, சமையலறை உங்களுக்கு. இதையும் இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

முதல் சில மாதங்களை வைத்து முடிவு கட்டாதீர்கள். சமூகவியலாளர் ராபர்ட் ஆட்ச்லி அதை ஓய்வின் தேனிலவு என்றார். சலிப்பு அதற்கு அப்புறம்தான் வரும். எல்லோருக்கும் வரும் என்றும் இல்லை. அமெரிக்காவில் ஓய்வு பெற்றவர்களைப் பற்றி ஆய்வாளர் மோ வாங் 2007இல் வெளியிட்ட ஆய்வில், பெரும்பாலோரின் மனநிலை பெரிதாக மாறவே இல்லை. ஏறக்குறைய கால்வாசிப் பேர் சறுக்கினார்கள், பிறகு அவர்களும் தேறினார்கள்.

நீங்கள் எழுதாத குணம் ஒன்று உண்டு: எதற்கெடுத்தாலும் மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்வாரா? மகிழ்ச்சியை அதிகம் குறைப்பது அந்தச் சுபாவம்தான். அப்படி என்றால் பென்ஷன், மருத்துவக் காப்பீடு விவரங்களை ஒரே ஃபைலில் போட்டு இப்போதே தெளிவாக்கிவிடுங்கள். ஓய்வுக்குப் பிறகு தூக்கமோ பசியோ கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால், 'ரிட்டயர் ஆனால் அப்படித்தான்' என்று விடாமல் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள்.