கோத்தகிரி வீட்டில் மைனிங் ரிக்: எந்த இன்வெர்ட்டர் வாங்கலாம்?

கரன்ட் போனாலும் மைனிங் ரிக் (கிரிப்டோ காசு எடுக்க ஓயாமல் ஓடும் கம்ப்யூட்டர்) ஓட வேண்டும் என்று கேட்கிறீர்கள். அதற்காக என்றால் இன்வெர்ட்டரே வேண்டாம். உங்கள் ரிக் 1000 வாட் இழுக்கிறது என்கிறீர்கள். 12 வோல்ட், 150 ஏஎச் பேட்டரியில் இருப்பது மொத்தமே 1.8 யூனிட். இழப்பு போக ஒரு மணி நேரம் தாண்டினால் பெரிய விஷயம். மலையில் மரம் சாய்ந்து லைன் அறுந்தால் ஒரு மணி நேரத்திலா கரன்ட் வரும்? ஒழுங்காக ஷட்டவுன் செய்ய ஐந்து நிமிடம் தாங்கும் யுபிஎஸ் போதும். (எத்தீரியம் என்ற கிரிப்டோ காசை எடுக்கும் கனவு இருந்தால் விட்டுவிடுங்கள், 2022 செப்டம்பரோடு அதில் மைனிங் முடிந்தது.)

மிச்சமாகும் பணத்தை இடி மின்னலுக்குச் செலவிடுங்கள். எம்சிபி (ஓவர்லோடானால் ட்ரிப் ஆகும் சுவிட்ச்) சர்ஜை, அதாவது திடீர் வோல்டேஜ் எகிறலைத் தடுக்காது; வீட்டு மெயின் டிபி பாக்ஸில் அந்த எகிறலை எர்த்துக்குத் திருப்பிவிடும் டைப் 2 எஸ்பிடி போடச் சொல்லுங்கள். எர்த் சரியில்லை என்றால் அதுவும் சும்மாதான். எங்கள் வீட்டு எர்த் குழி இரண்டடியிலேயே பாறையில் முட்டி நின்றிருந்தது, தோண்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

இன்டர்நெட் கம்பியை மறந்துவிடாதீர்கள். ஒரு சித்திரை மழையில் என் ரூட்டரின் லேன் போர்ட் கருகி, கூடவே மதர்போர்டும் போனது. மின்னல் வந்த வழி செம்புக் கம்பி. ஃபைபரில் அந்தத் தொல்லை இல்லை.

அப்புறம், கரன்ட் திரும்பியதும் கொஞ்ச நேரம் வோல்டேஜ் ஆடும். பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டிங்) ரிக் தானாக ஆன் ஆகாதபடி மாற்றி வையுங்கள்.