முகாமின் இரவும் பெண்ணின் பாதுகாப்பும்: வாசகர் கேள்விகள்

இந்தப் பகுதிக்கு அண்மையில் வந்த கடிதங்களில் நான்கு, இடம்பெயர்ந்த பெண்களும் அகதிப் பெண்களும் எதிர்கொள்ளும் வன்முறையைப் பற்றியவை. அவற்றை ஒன்றாக எடுத்துப் பதில் எழுதுகிறேன். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் குறிப்பிடுகிறேன்.

"பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் சேர்ந்து, முகாம்களில் தங்கியுள்ள பெண்களுக்கு விழிப்புணர்வுக் கூட்டங்கள் நடத்த எண்ணியுள்ளோம். எதைப் பற்றிப் பேசலாம்?" (வெள்ளவத்தை)

கூட்டம் நடத்துவதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் அதற்கு முன்னர், இருட்டிய பிறகு, கூடாரங்களிலிருந்து மலசலகூடத்துக்குப் போகும் வழியில் ஒரு தடவை நடந்து பாருங்கள்.

மெனிக் பாம் உள்ளிட்ட வவுனியா முகாம்களில் 2.5 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அடைபட்டிருந்த 2009ஆம் ஆண்டில், அங்கே ஒரு முகாமின் மருந்துக் கூடத்தில் நான் தொண்டராகப் பணியாற்றினேன். சிறுநீர்த் தொற்றுக்கு மருந்து கேட்டு ஒரு தாயும் மகளும் இரண்டு வாரத்தில் மூன்று முறை வந்தார்கள். தண்ணீர் நிறையக் குடிக்கும்படி சொன்ன தாதியிடம் அந்தத் தாய் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு நாங்கள் வாயில தண்ணி வைக்கிறேல்லை, மிஸ்ஸி." தறப்பாளுக்குள் வெயில் கொதிக்கும் நாட்களில், உதடு வெடித்துப்போன மகளையும் அவர் குடிக்க விடவில்லை. காரணம் மலசலகூடம். தகரக் கதவுக்கு உட்புறக் கொண்டி இல்லை, வழியில் வெளிச்சம் இல்லை, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி வரிசையும் இல்லை. அந்த மாதம் பெண்கள் தொடர்பாக முறைப்பாடு எதுவும் பதிவாகவில்லை என்று பின்னர் ஓர் அதிகாரி திருப்தியோடு சொன்னபோது, எனக்கு அந்தப் பிள்ளையின் உதடுகள்தான் நினைவுக்கு வந்தன.

மனிதாபிமானப் பணியாளர்கள் பயன்படுத்தும் ஸ்பியர் கைநூல், 20 பேருக்கு ஒரு மலசலகூடம், அது தங்குமிடத்திலிருந்து 50 மீற்றருக்குள், உள்ளிருந்து பூட்டக்கூடியதாக, வெளிச்சத்தோடு, பெண்களுக்கு மூன்றென்றால் ஆண்களுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இருக்கவேண்டும் என்கிறது. இவை வசதிக்காக மட்டும் எழுதப்பட்ட அளவுகள் அல்ல. வன்முறை நடக்கும் இடத்தையும் நேரத்தையும் குறைப்பதற்கான அளவுகளும்கூட. வெளிச்சத்தையும் யோசித்துத்தான் வைக்கவேண்டும். முகாம் முழுவதும் இருளாக இருக்க மலசலகூடத்தருகே மட்டும் விளக்கு எரிந்தால், ஆண்கள் அங்கேதான் கூடிப் பேசிக்கொண்டிருப்பார்கள். பெண்கள் அந்தப் பக்கமே போகமாட்டார்கள்.

கென்யாவின் டடாப் முகாம்களில் சோமாலிய அகதிப் பெண்கள் விறகு பொறுக்கப் போகும் இடத்தில் வல்லுறவுக்கு உள்ளானார்கள். 1990களின் இறுதியில் விறகை முகாமுக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். விறகுக்குப் போன இடத்தில் நடந்த குற்றங்கள் குறைந்தன. ஆனால் வேறு இடங்களில் நடந்தவை கூடின. விறகு கொடுத்தது தவறல்ல, அது மட்டும் போதவில்லை. ஆகவே கூட்டத்தில் நீங்கள் பேசுவதைவிட, பெண்களை மட்டும் தனியாக அழைத்து, முகாமின் வரைபடத்தை நிலத்தில் கீறச்சொல்லி, எந்த இடத்துக்கு எந்த நேரத்தில் போகப் பயம் என்று கேளுங்கள். உங்கள் குழுவில் உள்ள பெண்களே கேட்கட்டும். ஒருவருக்கு என்ன நடந்தது என்று துருவ வேண்டாம்.

"மூன்றாவது நாடொன்று ஏற்கும்வரை இங்கே காத்திருக்கும் வெளிநாட்டு அகதிப் பெண்கள் சிலருக்கு வீட்டில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். கணவர் அடிப்பதாக ஒருவர் அழுதார். பொலிஸுக்குப் போனால் நாட்டைவிட்டு அனுப்பிவிடுவார்கள் என்று பயப்படுகிறார். அவருக்காக நான் முறைப்பாடு செய்யட்டுமா?" (தெஹிவளை)

அவருடைய சம்மதம் இல்லாமல் செய்யாதீர்கள். நல்ல மனத்தோடு நாம் எடுக்கும் அவசர முடிவின் விலையை, இரவில் அதே அறைக்குத் திரும்பிப் போகும் அவர்தான் கொடுக்கவேண்டியிருக்கும்.

அவருடைய பயத்துக்குக் காரணம் உண்டு. இலங்கை 1951ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயத்தில் இணையவில்லை. அகதிகளுக்கு இங்கே வேலை செய்யும் உரிமை இல்லை. 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பின்னர் நீர்கொழும்பில் வாடகை வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்ட பாகிஸ்தானிய, ஆப்கானிய அகதிக் குடும்பங்கள் பள்ளிவாசலிலும் பொலிஸ் வளவிலும் படுத்துறங்கியதை அவர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

ஆனால் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம், பாதுகாப்புக் கேட்பவர் இலங்கைப் பிரஜையாக இருக்கவேண்டும் என்று நிபந்தனை வைக்கவில்லை. நீதிவான் 14 நாட்களுக்கு இடைக்காலக் கட்டளையும், விசாரணையின் பின் 12 மாதங்கள் வரை பாதுகாப்புக் கட்டளையும் வழங்கலாம். அந்தக் கட்டளையைக் கேட்பது கணவரைச் சிறைக்கு அனுப்பக் கேட்பது ஆகாது. அதை அறிந்த பின்னர்தான் பல பெண்கள் மேற்கொண்டு பேசவே முன்வருகிறார்கள். அகதிகளுக்கான ஐ.நா. உயர்ஸ்தானிகரின் பணியாளர்களிடம் கணவர் இல்லாமல் தனியாகப் பேசவும், கணவருடைய அகதிக் கோப்பிலிருந்து தன்னுடையதைத் தனியாக்கக் கேட்கவும் முடியும் என்பதையும் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டால் கணவரோ அவருடைய உறவினரோ வேண்டாம். பிள்ளையை வைத்துத் தாயின் துயரத்தை மொழிபெயர்க்கவும் வேண்டாம். அவர் விரும்பினால், அடையாளப் பத்திரங்களின் பிரதியும் கொஞ்சம் பணமும் உங்கள் வீட்டில் இருக்கட்டும். 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்தை அவருடைய தொலைபேசியில் வேறு பெயரில் பதிந்து கொடுங்கள். அரசாங்க வைத்தியசாலைகள் பலவற்றில் 'மிதுரு பியச', தமிழில் 'நட்பு நிலையம்', என்ற பிரிவு இத்தகையவர்களுக்காகவே இயங்குகிறது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பாலியல் வல்லுறவு நடந்திருந்தால் மணித்தியாலங்களை எண்ணவேண்டும். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணித்தியாலங்களுக்குள் தொடங்கவேண்டும். கர்ப்பம் தரிப்பதைத் தடுக்கும் அவசர மாத்திரைக்கு 120 மணித்தியாலம்தான் எல்லை. இரண்டுமே எவ்வளவு முந்துகிறதோ அவ்வளவு நல்லது. அன்று உடுத்திருந்த உடையைத் துவைக்காமல் கடதாசிப் பையில் வைக்கவேண்டும். பிளாஸ்ரிக் பையில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும். சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை வழக்குக்கு வேண்டியது. சிகிச்சை அதற்கு முந்தியது. வைத்தியசாலைக்குள் பொலிஸ் காவலிடம் இருக்கும், அவர்கள் விசாரிக்கக்கூடும் என்பதை முன்கூட்டியே சொல்லி அழைத்துச் செல்லுங்கள். கணவரே செய்தவர் என்றால், நீதிமன்றம் பிரித்துவைத்த தம்பதியராக இருந்தாலன்றி நமது தண்டனைச் சட்டக்கோவை அதை வல்லுறவாகக் கொள்வதில்லை. மாற்றப்படவேண்டிய சட்டம் இது. அப்போதும் மருந்து அவருக்கு உரியது.

"நிவாரணப் பொதி கொடுக்கும் ஒருவர், தனித்து வாழும் பெண்களிடம் தொலைபேசி இலக்கம் கேட்டு இரவில் அழைக்கிறார். அந்தப் பெண்கள் விரும்பித்தான் பேசுகிறார்கள் என்கிறார்களே?" (கொட்டாஞ்சேனை)

பொதி அவர் கையில் இருக்கும்போது அந்தப் பெண்ணின் விருப்பத்தை எப்படி அளப்பது? மேற்கு ஆபிரிக்க முகாம்களில் உதவிப் பணியாளர்களே உணவுக்குப் பதிலாக உடலைக் கேட்டது 2002இல் அம்பலமானது. மறு ஆண்டே ஐ.நா. செயலாளர் நாயகம், பணமோ பொருளோ உதவியோ கொடுத்துப் பாலுறவு பெறுவதையும், 18 வயதுக்குட்பட்டவருடனான எந்தப் பாலுறவையும் தம் பணியாளர்களுக்குத் தடைசெய்தார். வயதைத் தவறாக எண்ணிவிட்டேன் என்ற சாட்டும் அங்கே செல்லாது. அந்த நிறுவனத்தின் தலைமைக்கு எழுத்தில் அறிவியுங்கள். பெண்களின் பெயரை எழுதாதீர்கள். விநியோகத்தில் ஒரு பெண்ணாவது நிற்கவேண்டும் என்றும், "இந்தப் பொருள் இலவசம்" என்று தமிழிலும் சிங்களத்திலும் பலகை வைக்கவேண்டும் என்றும் கேளுங்கள்.

"2009இல் முகாமில் இருந்தபோது, 19 வயதில், என் மகளுக்கு ஒரு கொடுமை நேர்ந்தது. எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. இப்போது கல்யாணம் பேசுகிறோம். மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லவேண்டுமா?" (மட்டக்குளி)

அம்மா, இத்தனை ஆண்டுகள் இந்தச் சுமையை மகளோடு சேர்ந்து சுமந்திருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். மாப்பிள்ளை என்ன நினைப்பார், சம்பந்தி என்ன சொல்வார், ஊர் என்ன பேசும் என்று மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். மகள் என்ன சொல்கிறார் என்று ஒரு வரி இல்லை.

சொல்வதா, யாரிடம், எப்போது, எவ்வளவு என்பவை மகளுக்கு உரிய முடிவுகள். சொல்லாமல் விடுவது ஏமாற்று அல்ல. அவர் குற்றம் செய்தவர் அல்லர். பேச விரும்பினால், கல்யாணப் பேச்சுக்கு வெளியே, ஓர் உளவள ஆலோசகரிடம் முதலில் பேசுவது அவருக்கு இலகுவாக இருக்கலாம். நீதியைத் தேட விரும்பினால், இலங்கையில் கொலை, இராசத்துரோகம் தவிர்ந்த குற்றங்களுக்கு வழக்குத் தொடரும் கால எல்லை 20 ஆண்டுகள் என்பதை அவர் அறிந்திருக்கட்டும்; வல்லுறவுக்கு உள்ளானவரின் பெயரைப் பத்திரிகை வெளியிடுவதையும் சட்டம் தடுக்கிறது. தரகருக்கு ஒரு கிழமை பொறுக்கச் சொல்லிவிட்டு, வீட்டில் வேறு யாரும் இல்லாத ஒரு பின்னேரத்தில், தேநீர் ஊற்றிவைத்துக்கொண்டு மகளிடம் கேளுங்கள்.