கொப்பியா, செயலியா? வீட்டுக் கணக்கை எதில் வைப்பது

கேள்வி: திருகோணமலை உவர்மலையில் இருக்கிறேன், ஆசிரியை. என் சம்பளம் 25ஆம் திகதி வங்கிக்கு வந்துவிடும். கணவர் நிலாவெளியில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப் படகு ஓடுகிறார். சீசனில் கை நிறையக் காசு, வாடை தொடங்கினால் ஒன்றுமில்லை. பல வருடமாக சீ.ஆர். கொப்பியில்தான் கணக்கு எழுதுகிறேன். "இந்தக் காலத்திலும் கொப்பியா அம்மா?" என்று மகன் போனில் ஒரு செயலியைப் போட்டுத் தந்திருக்கிறான். ஒரு மாதம் இலவசம், பிறகு டொலரில் சந்தாவாம். கட்டலாமா?

பதில்: கட்டவேண்டாம் டீச்சர். டொலர் சந்தாவின் விலை உங்கள் கையில் இல்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360 ரூபாய் வரை ஏறியதை மறந்திருக்க மாட்டீர்கள்.

அதைவிடப் பெரிய காரணம் உங்கள் வீட்டுக்குக் காசு வரும் விதம். இந்தச் செயலிகளில் அநேகமானவை மாதச் சம்பளக்காரருக்காகச் செய்யப்பட்டவை. முதலாம் திகதி தொடங்கி மாதக் கடைசியில் கணக்கை மூடிவிடும். ஜூலையில் நிறைய மிச்சம் என்று காட்டும், டிசம்பரில் கடன் என்று பயமுறுத்தும். ஜூலையில் மிஞ்சியது உண்மையில் மிச்சமே அல்ல, அது டிசம்பர் மாதத்து அரிசிக் காசு. உங்களுக்குத் தேவை வருடக் கணக்கு.

ஒரு பேச்சுக்கு, கணவருக்கு சீசன் ஆறு மாதமும் மாதம் 150,000 ரூபாயும் மற்ற ஆறு மாதமும் சில்லறை வேலைகளில் 30,000 ரூபாயும் வருகிறது என்று வைப்போம். எரிபொருள், படகுத் திருத்தம் எல்லாம் கழித்த பிறகு வரும் காசைத்தான் சொல்கிறேன். வருடத்துக்கு 1,080,000. பன்னிரண்டால் பிரித்தால் 90,000. படகு உழைப்பிலிருந்து வீட்டுக்கு மாதம் 90,000தான் சம்பளம் என்று இருவரும் இருந்து பேசி முடிவு செய்யுங்கள். சீசனில் மேலதிகமாக வரும் 60,000ஐ வேறொரு சேமிப்புப் புத்தகத்தில் போடுங்கள். வாடைக்காலத்தில் அதிலிருந்து மாதம் 60,000 எடுங்கள். போட்டதும் எடுத்ததும் 360,000, சரியாகப் பொருந்தும். சீசன் எப்படிப் போகும் என்று முன்கூட்டித் தெரியாததால் முதல் வருடம் 90,000க்குப் பதில் 75,000 என்று குறைத்து வைப்பதே நல்லது.

இதற்குக் கொப்பி தாராளமாகப் போதும். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு, கடைசி நிரலில் மிச்சம். "மீன் 900, மரக்கறி 450, ஓட்டோ 300" என்று அன்றன்றைக்கு எழுதுங்கள். கடைக் கொப்பியில் கடனுக்கு வாங்கினால், வாங்கிய அன்றே செலவுப் பக்கம் எழுதி ஓரத்தில் 'கடன்' என்று குறியுங்கள். மாதக் கடைசியில் மொத்தமாகக் கட்டும்போது அதைத் திரும்பவும் செலவாக எழுதக் கூடாது. ஞாயிறு இரவு பேர்ஸை எண்ணிப் பாருங்கள். கொப்பியிலுள்ள மிச்சத்தோடு இன்னும் கட்டாத 'கடன்' தொகைகளைக் கூட்டுங்கள், பேர்ஸில் அதைவிட 700 குறைந்தால் 'நினைவில்லாத செலவு 700' என்று ஒரு வரி போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள். அந்த 700 எங்கே போனது என்று நள்ளிரவுவரை மண்டையைக் குழப்பிக்கொண்டவர்கள்தான் மூன்றாம் வாரம் கொப்பியை மூடுகிறார்கள்.

மகனின் மனமும் நோகவேண்டாம். கணவர் கடற்கரையில் நின்று செலவழிப்பதை அங்கேயே பதிய போன் நல்லதுதான். இலவசச் செயலி ஒன்றைத் தேடச் சொல்லுங்கள். டேட்டா இல்லாத இடத்திலும் அது வேலை செய்யவேண்டும். எழுதியதை எல்லாம் எக்செல் கோப்பாக வெளியே எடுக்கவும் முடியவேண்டும். இந்த இரண்டாவதை விட்டுக்கொடுக்காதீர்கள். அமெரிக்காவில் பெரிய பெயர் எடுத்திருந்த 'மின்ட்' செயலி 2007இல் வந்தது, 2024 மார்ச்சில் மூடப்பட்டது. இவ்வளவு பெரியதே மூடப்படும் என்றால், கணக்கு உங்கள் கைக்குத் திரும்பி வர வழியில்லாத செயலியில் வருடக்கணக்காக எழுதுவது வீண்.

கேள்வி: திருக்கடலூரிலிருந்து எழுதுகிறேன். பத்துப் பேர் சேர்ந்து சீட்டுப் பிடிக்கிறோம், மாதம் 10,000. நாலாம் மாதம் எனக்கு விழுந்தது. அதே மாதம் பிள்ளையின் படிப்புக்காகக் காப்பை அடகு வைத்து 150,000 எடுத்தேன். கணக்குச் செயலியில் இரண்டையும் வரவு என்று போட்டேன். அந்த மாதம் பெரிய பணக்காரி மாதிரிக் காட்டுகிறது! எப்படிப் பதிவது?

பதில்: இரண்டுமே வரவு இல்லை அம்மா. நம் ஊர்க் குடும்பங்களின் கணக்கு பிழைத்துப் போவது அதிகமும் இந்த இடத்தில்தான். கொப்பியில் எழுதினாலும் செயலியில் எழுதினாலும் இது ஒன்றுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சீட்டு விழும்வரை நீங்கள் கட்டிய காசு செலவல்ல, மற்றவர்களிடம் இருக்கும் உங்கள் சேமிப்பு. நாலாம் மாதத்துக் கட்டுக்காசோடு சேர்த்து 40,000 கட்டியிருக்கிறீர்கள். கைக்கு வந்தது 100,000. அதில் 40,000 உங்கள் சொந்தக் காசு திரும்பி வந்தது, மீதி 60,000 கடன். இனி வரும் ஆறு மாதமும் நீங்கள் கட்டும் 10,000 அந்தக் கடனை அடைக்கிறது. சீட்டு விழுந்த மகிழ்ச்சியில் முழு இலட்சத்தையும் செலவழித்துவிட்டு, அடுத்த மாதம் கட்டுக்காசுக்கு அலையும் நிலை வருவது இந்த 60,000 கண்ணில் படாததால்தான். ஏலச் சீட்டாக இருந்து கழிவு போயிருந்தால், அந்தக் கழிவை மட்டும் செலவில் போடுங்கள். அது கடனுக்கு நீங்கள் கொடுத்த வட்டி.

அடகும் இப்படித்தான். 150,000 கடன் பக்கத்துக்குப் போகவேண்டும். கட்டும் வட்டி செலவு. வாங்கிய அசலில் கட்டுவது கடன் குறைப்பு. அடகுத் துண்டிலுள்ள தவணைத் திகதியைக் கொப்பியின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி, அதற்கு ஒரு மாதம் முந்திய திகதியைப் போனில் நினைவூட்டலாக வையுங்கள். திகதி தவறி நகை ஏலத்துக்குப் போனால், எந்தக் கணக்காலும் அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

செயலியில் 'கடன்' என்று தனிக் கணக்கு ஒன்றைத் திறக்கலாமா என்று பாருங்கள். முடியாது, வரவு செலவு இரண்டுதான் உண்டு என்றால் அந்தச் செயலி உங்களுக்கு உதவாது. கொப்பிக்கே வாருங்கள், பின்பக்கத்திலிருந்து இரண்டு தாளைக் கடனுக்கென்று ஒதுக்குங்கள்.

கேள்வி: சீனக்குடாப் பக்கம் ஒரு தனியார் கம்பனியில் வேலை. சம்பளம் வங்கிக்கு, செலவு பெரும்பாலும் கிரெடிட் கார்டில். கொப்பி எழுதப் பொறுமை இல்லை. எனக்கு எது சரி?

பதில்: தம்பி, உங்களுக்கு எக்செல் அல்லது கூகுள் ஷீட். உங்கள் செலவுகளில் பெரும்பகுதி ஏற்கெனவே வங்கிக் கூற்றில் இருக்கிறது, வாரம் ஒருமுறை இருந்து பார்த்துப் பதிந்தால் போதும். கணக்கியல் தெரிந்தவரென்றால் குனூகேஷ் (GnuCash) என்ற இலவச மென்பொருளையும் பாருங்கள். இரட்டைப் பதிவு முறையில் உங்கள் கணினியிலேயே ஓடும்.

கார்ட் செலவை, பொருள் வாங்கிய திகதியில் பதியுங்கள், பில் கட்டிய திகதியில் அல்ல. பில்லில் ஆகக் குறைந்த தொகையை மட்டும் கட்டிவிட்டு மாதம் சமாளித்துவிட்டதாக நினைப்பவர்களுக்கு, மிச்சக் கடனுக்கு ஏறும் வட்டி தாளில் தெரிவதே இல்லை. அதற்கென்று ஒரு நிரல் ஒதுக்குங்கள்.

சம்பளத்தைக் கைக்கு வந்த தொகையாக மட்டும் எழுதவேண்டாம். மாதம் 60,000க்கு ஊழியர் சேமலாப நிதி கணக்கிடப்பட்டால், உங்களிடம் 8 வீதம், அதாவது 4,800 கழிக்கவேண்டும். கம்பனி 12 வீதமாக 7,200 சேர்க்கவேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்குக் கம்பனியே இன்னும் 3 வீதம், 1,800, கட்டவேண்டும். இதைத் தனி நிரலில் எழுதி வந்தால், நிதியின் இருப்புக் கூற்று கைக்கு வரும் நாளில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒரு மாதம் கட்டாமல் விடுபட்டிருந்தாலும் உடனே தெரியும்.

கேள்வி: ஒரு செலவுச் செயலி என் எஸ்.எம்.எஸ். எல்லாவற்றையும் வாசிக்க அனுமதி கேட்கிறது. கொடுக்கலாமா? (மூதூர் வாசகர்)

பதில்: கொடுக்காதீர்கள். வங்கி அனுப்பும் செய்தியை வாசித்துச் செலவைத் தானாகப் பதியவே கேட்கிறோம் என்பார்கள். ஆனால் வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவு இலக்கமும் (OTP) அதே பெட்டிக்குத்தான் வருகிறது. கையால் பதிய நாளைக்கு இரண்டு நிமிடம் போகும், போகட்டும். ஏற்கெனவே அனுமதி கொடுத்திருந்தால் போனின் செட்டிங்ஸில் அந்தச் செயலியைத் திறந்து இன்றே நிறுத்திவிடுங்கள்.