வீட்டில் கேட்ட பாட்டு

கேள்வி: எனக்கு 27 வயது. எட்டு வருடம் கர்நாடக சங்கீதம் கற்றேன். இப்போது மெல்லிசைக் குழுவில் பாடுகிறேன். பாட்டி பாடும் நடவுப் பாட்டுகளை மேடையில் பாட ஆசை. சமீபமாக ஜாஸும் இழுக்கிறது. ‘ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் வேண்டாம், ஒன்றைப் பிடி’ என்கிறார் பாட்டு டீச்சர். அமெரிக்கப் பாடகி லிண்டா ரான்ஸ்டட் எல்லாவற்றையும் பாடினாரே, அவரால் எப்படி முடிந்தது?
- பெயர் வேண்டாம், சேலம்.

பதில்: அன்புச் சகோதரிக்கு, லிண்டா எல்லாவற்றையும் பாடிவிடவில்லை. பத்து வயதுக்குள் வீட்டில் காதில் விழாத இசையைத் தான் தொட்டதில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்த வீடு அரிசோனாவின் டூசானில், மெக்சிகோ எல்லைக்குப் பக்கத்தில் இருந்தது. ஹார்டுவேர் கடை வைத்திருந்த அப்பா மெக்சிகோ பாட்டுகளை உருகிப் பாடுவார். ரேடியோவில் கன்ட்ரி, அதாவது அமெரிக்கக் கிராமத்து மண்ணில் பிறந்த பாட்டு, ஓடும். இப்படி ஒரு வீட்டில் வளர்ந்த பெண்ணுக்கு இது வேறு, அது வேறு என்ற எண்ணமே வந்திருக்காது.

1964-ல், 18 வயதில், லாஸ் ஏஞ்சலஸ் போனார். 1967-ல் ஸ்டோன் போனிஸ் குழுவோடு பாடிய ‘டிஃபரன்ட் டிரம்’ பேர் வாங்கித் தந்தது. அப்புறம் ஏழு வருடம் ஏற்றமும் இறக்கமும்தான். 1971-ல் அவருக்குப் பின்னால் நின்று வாசித்த டான் ஹென்லியும் கிளென் ஃப்ரையும் பிரிந்துபோய் ஈகிள்ஸ் என்ற புகழ்பெற்ற ராக் குழுவைத் தொடங்கினார்கள். இவருக்கான நேரம் 1974-ல், ‘ஹார்ட் லைக் எ வீல்’ ஆல்பத்தோடுதான் வந்தது.

அதிலிருந்து வெளியான ஓர் இசைத்தட்டைப் பாருங்கள். ஒரு பக்கம் ‘யூ ஆர் நோ குட்’, கோபம் கொப்பளிக்கும் ராக் பாட்டு. அது பாப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. திருப்பிப் போட்டால் ஹேங்க் வில்லியம்ஸின் பழைய கன்ட்ரி பாட்டு. அது கன்ட்ரி பட்டியலில் இரண்டாம் இடத்துக்குப் போனதோடு கிராமி விருதும் வாங்கித் தந்தது. ஒரே தட்டு, ஒரே குரல், இரண்டு ஊர் ரசிகர்கள்! உங்கள் டீச்சரிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

1977-ல் வந்த ‘புளூ பயூ’வை இன்றிரவு ஹெட்போனில் கேளுங்கள். பேஸ் கிட்டார் மெல்ல நடக்கும். குரல் கிட்டத்தட்ட பேசுவதுபோல் கீழ் ஸ்தாயியில் வரும். பல்லவியில் கதவைத் திறந்துவிட்டதுபோல் விரியும். கடைசியில் கள்ளக்குரலில் மேலே ஏறி அங்கேயே நிற்கும். எத்தனை தடவை கேட்டாலும் அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

1983-ல் நெல்சன் ரிடிலின் ஆர்க்கெஸ்ட்ராவோடு பழைய அமெரிக்க மெல்லிசைப் பாட்டுகளைப் பாடப் போனபோது ரெக்கார்டு கம்பெனி தடுத்துப் பார்த்தது. அவர் கேட்கவில்லை. அந்த ஆல்பம் லட்சக்கணக்கில் விற்றது. 1987-ல் கன்ட்ரி பாடகிகள் டாலி பார்ட்டன், எமிலூ ஹாரிஸோடு ‘ட்ரியோ’ ஆல்பம். அதே வருடம் அப்பாவின் பாட்டுகளைப் பாட மரியாச்சி என்ற மெக்சிகோ மரபிசை வித்வான்களைத் தேடிப் போனார். ‘கான்சியோனஸ் டெ மி பாத்ரெ’ (‘என் அப்பாவின் பாட்டுகள்’) ஆல்பம் முழுக்க ஸ்பானிஷ்; அமெரிக்காவில் மட்டும் இருபது லட்சத்துக்கு மேல் விற்றது.

சறுக்கலும் உண்டு. 1984-ல் ‘லா போஎம்’ ஓபராவில் (பாட்டாகவே நடக்கும் நாடகம்) நாயகி மீமியாகப் பாடியது எடுபடவில்லை. ஓபராவுக்கென்று வருடக்கணக்காகப் பழக்கிய குரல் வேண்டும். அதற்குக் காது மட்டும் போதாது.

சரி, உங்கள் விஷயம். நடவுப் பாட்டை நீங்கள் புதிதாகப் பிடிக்கப் போவதில்லை. அது உங்கள் வீட்டுச் சொத்து. அதைத் தாராளமாகப் பாடுங்கள். ஜாஸ் அப்படியில்லை. தெரிந்த ஒருவரிடம் ஒரு வருடமாவது உட்கார்ந்து கற்ற பிறகு மேடைக்குக் கொண்டுவாருங்கள். டீச்சர் சொல்வதில் அந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது.

தள்ளிப் போட மட்டும் வேண்டாம். லிண்டாவின் கடைசிக் கச்சேரி 2009-ல் நடந்தது. முதலில் பார்கின்சன் என்றார்கள். பிறகு அதைப் போன்ற இன்னொரு நரம்பு நோய் என்று தெரிந்தது. அவரால் இப்போது பாட முடிவதில்லை. உங்கள் பாட்டி இன்னும் பாடுகிறார் என்றுதான் கடிதத்திலிருந்து புரிந்துகொள்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமையே போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள்.